அக்காவிடம் மட்டும்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் சுகம். இருமல் விட்டது. உன் பிரஷர் எப்படி இருக்கிறது, அத்தானின் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுது.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி. போன ஞாயிற்றுக்கிழமை நான் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டேன்.

கத்தாதே, பக்கத்து வீட்டில் பயந்துவிடுவார்கள். எத்தனை வருஷம் என் உயிரை எடுத்திருப்பாய்! தட்டில் சாப்பாடு போட்டுக்கொண்டே, "உனக்கு இரட்சிப்பின் நிச்சயம் இருக்கா, இல்லையா?" என்று கேட்பாய். நான் "இன்னும் கொஞ்சம் குழம்பு இருக்கா?" என்று கேட்பேன். நம் சபையில் ஒவ்வொருவராக எழுந்து, தான் இரட்சிக்கப்பட்ட நாளைச் சொல்லும்போது, நான் மட்டும் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொள்வேன். உனக்குப் பதினான்கு வயதில், மழை பெய்த ஒரு சாயங்காலத்தில், கடைசிப் பாட்டின் நடுவில் அந்த நிச்சயம் வந்துவிட்டது. எனக்கு அப்படி ஒரு சாயங்காலம் வரவே இல்லை.

இப்போது வந்தது. எல்லாம் எங்கள் மூப்பரால். எங்கள் சலவைக்கூடத்தில் அவர் சூப்பர்வைசர், இங்குள்ள சபையில் மூப்பர். வேலையிலும் அவரை எல்லோரும் மூப்பர் என்றே கூப்பிடுகிறோம். நான் ஒரே ஒரு பையோடு வந்து நின்றபோது தங்க இடம் பார்த்துக் கொடுத்தவர் அவர்தான். மெக்கானிக் வேலைக்கு என் பெயரைச் சொன்னவரும் அவர்தான். வேலை முடிந்து ஒரு நாள், துவைக்காத விரிப்புக் குவியல்மேல் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். நான் வழக்கம்போல ஆண்டவர் இருக்கிறாரா, இருந்தால் ஏன் இப்படி, ஏன் அப்படி என்று எகிறிக்கொண்டிருந்தேன். "இல்லாத ஒருத்தர் மேல யாராச்சும் இவ்வளவு கோபப்படுவாங்களா தம்பி?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை வந்து, நிறுத்த முடியவில்லை.

கூடத்தில் இஸ்திரி உருளைக்குத் துணி விடுகிற அக்கா ஒருவர் இருக்கிறார். வாய் மூடாது. அதனால் பெயர் ரேடியோ. சாமி பூதம் எதிலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. ஞானஸ்நானத்துக்கு மறுநாள் என்னைப் பார்த்ததும், "முங்கி எழுந்தியாமே, சட்டையை நல்லாப் பிழிஞ்சியா? இல்லன்னா கொண்டா, மெஷின்ல போட்டுத் தரேன்" என்றார். கூடமே சிரித்தது. எனக்குக் கோபம் வரவில்லை, அதுவே ஒரு அற்புதம்தான்.

உன் தம்பி
(இனிமேல் செருப்புத் தேடாதவன்)


ஜனவரி 27

என் செல்லத் தம்பிக்கு,

ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்! நாங்கள் நலம். என் பிரஷரைப் பற்றி இனி யாருக்குக் கவலை!

உட்கார்ந்து படி என்று நீ எழுதியதைப் படிப்பதற்குள் கண் அடுத்த வரிக்கு ஓடிவிட்டது. பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது. அத்தான் ஓடி வந்து, "என்ன ஆச்சு, யாரு போயிட்டாங்க?" என்கிறார். அழுகையிலும் நல்ல அழுகை உண்டு என்று அந்த மனுஷருக்கு இத்தனை வருஷத்தில் புரியவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை உன் கடிதத்தைச் சபையில் வாசித்துவிட்டேன். முகத்தைச் சுளிக்காதே. நல்ல செய்தியை எப்படி மூடி வைப்பது? குழம்பு கேட்ட இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

இங்கே அச்சகத்தை மூடிவிட்டார்கள். அத்தான் காலையில் எழுந்து, சவரம் செய்து, சட்டை மாட்டிக்கொள்கிறார். போக இடம் இல்லாததால் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறார். சாயங்காலம் சட்டையைக் கழற்றி மாட்டுகிறார். பார்க்கவே வயிறு எரிகிறது. இந்த வயதில் யார் வேலை கொடுப்பார்கள்? உங்கள் நிறுவனத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கிளை வரப்போவதாகச் சபையில் யாரோ சொன்னார்கள். கேட்டுப் பார் என்று சொல்லவில்லை. சும்மா காதில் போட்டு வைக்கிறேன்.

மூப்பர் அண்ணனின் தொலைபேசி எண்ணை அனுப்பு. என் தம்பியைக் கரை சேர்த்தவருக்கு நானே நன்றி சொல்ல வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வை.

உன் அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் இருவரும் நலம் என்று நம்புகிறேன். நீ தொலைபேசியில் பேசி நன்றி சொன்னதாக மூப்பர் சொன்னார். அதற்கு மேல் நல்ல சேதி எதுவும் இல்லை.

ரேடியோ அக்காவின் வலது கை உருளையில் மாட்டிவிட்டது. கட்டைவிரல் மட்டும் மிச்சம்.

எப்படி நடந்தது என்று உனக்குப் புரிய வேண்டும். பெரிய உருளைக்குள் நீராவி ஓடும். வெளியே கொதிக்கிற இரும்பு. ஈர விரிப்பை ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் மொடமொடவென்று வந்து விழும். துணி விடுகிற பக்கத்தில் குறுக்கே ஒரு தடுப்புக் கம்பி இருக்கும். கை அதில் பட்டால் உருளை உடனே நின்றுவிடும். தொல்லை என்னவென்றால், தடித்த போர்வை பட்டாலும் நின்றுவிடும். ஜனவரிக் கடைசியில் ஒரு பெரிய விடுதியின் போர்வைகள் மலைபோல வந்தன. நொடிக்கொரு தரம் உருளை நின்றது. ஒரு நாள் காலையில் ஆட்கள் வருவதற்கு முன் மூப்பர் என்னைக் கூப்பிட்டு, "ஸ்பேனரைக் கொடு" என்றார். கொடுத்தேன். அவரே தன் கையால் கம்பியைக் கழற்றினார். "ரெண்டு வாரம்தான் தம்பி, ஆர்டர் முடிஞ்சதும் மாட்டிடலாம்" என்றார். வாரங்கள் போயின. மாட்டவில்லை. நான் இரண்டு முறை ஞாபகப்படுத்தினேன். "ஆகட்டும், ஆகட்டும்" என்றார்.

கை மாட்டியபோது அந்த அக்கா கத்தவில்லை. நாள் முழுக்கப் பேசுகிறவர், ஒரு சத்தம் போடவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் வேலை தொடங்கும் முன் உருளையில் புதுக் கம்பி ஒன்று இருந்தது. பழையதுபோலத் தெரிய அதன்மேல் கிரீஸ் தேய்த்திருந்தது. மூப்பர் எல்லோரையும் நிற்கவைத்து, "கம்பி எப்பவும் இருந்தது. அவங்கதான் பேச்சு சுவாரஸ்யத்துல அதுக்கு அடியில கையை விட்டாங்க. யார் கேட்டாலும் இதான் நடந்தது" என்றார். பிறகு அந்த அக்காவின் சுகத்துக்காகக் கண்ணை மூடி ஜெபம் செய்தார். கண்ணீர் வழிந்தது அக்கா, நிஜக் கண்ணீர். எல்லோரும் ஆமென் என்றார்கள். நான் கண்ணைத் திறந்து அந்தப் புதுக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னைத் தண்ணீரில் முக்கி எடுத்தவர்களில் அவர் ஒருவர். என் தலையைப் பிடித்த கை அது.

பழைய கம்பி, அவர் கண்ணில் படாமல், பாய்லருக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. அதை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறேன். பழையது இருக்கிறது என்றால் இப்போது மாட்டியிருப்பது புதியது என்று எந்தக் குழந்தைக்கும் புரியும். விபத்தை விசாரிக்க அரசாங்க அதிகாரி வரும்போது நானே எடுத்துக் காட்டி, நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் தன் கையைத் தானே கெடுத்துக்கொண்டவர் என்று அந்த அக்காவை நஷ்டஈடு கொடுக்காமல் வெறுங்கையோடு அனுப்பிவிடுவார்கள்.

சொல்லலாமா? உன்னிடம் மட்டும்தான் கேட்கிறேன். சபையில் வாசிக்காதே. அத்தானிடம்கூடச் சொல்லாதே.

உன் தம்பி


ஏப்ரல் 2

என் அன்புத் தம்பிக்கு,

கர்த்தரின் கிருபையால் சுகமாக இருக்கிறோம். தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. மணிக்கட்டு வலி, பேனா பிடிக்க முடியவில்லை. இடையில் விருந்தாளிகள் வேறு.

உன் கடிதத்தைப் படித்துக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த அம்மாவுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். உண்மையைச் சொல்வது நல்லதுதான். உனக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தானே. ஆனாலும் விசுவாசிகளுக்குள் நடந்ததை ஆபீசர், விசாரணை என்று கொண்டுபோவதற்கு முன்னால் யோசிக்க வேண்டாமா? தப்பு செய்தவரைத் தனியாகப் பார்த்து, மனம் திரும்ப ஒரு வாய்ப்புக் கொடுப்பதுதானே முறை? மூப்பர் அண்ணன் கெட்டவர் இல்லை. ஏதோ வேலை நெருக்கடி. நீ எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எதையாவது செய்துவிட்டால் எத்தனை குடும்பம் பாதிக்கப்படும்?

எப்போது விசாரணை? அந்தக் கம்பியை எங்கே வைத்திருக்கிறாய்? உன் அறையில் வைத்துக்கொண்டு மாட்டிக்கொள்ளாதே. மழை படுகிற இடத்திலும் வைக்காதே, துருப்பிடித்துவிடும். எங்கே என்று எனக்கு எழுது. இல்லையென்றால் எனக்கு நிம்மதி இருக்காது.

அத்தான் விசாரித்தார்.

உன் அக்கா


ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் மணிக்கட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. துணி துவைப்பதை அத்தானிடம் விடு, அவருக்கும் பொழுது போகும்.

நீ சொன்னதையே செய்தேன். மூப்பரைத் தனியாகப் பார்த்தேன். வீட்டுக்குக் கூட்டிப்போய் டீயும் பன்னும் கொடுத்தார். "அண்ணே, நீங்களே சொல்லிடுங்க. நானும் கூட நிக்கிறேன். ஸ்பேனர் கொடுத்தது நான்தான்னு நானும் சொல்றேன்" என்றேன். பன்னைப் பிய்த்து என் தட்டில் ஒரு துண்டு வைத்தார். "நான் போயிட்டா சபைக் கட்டடத்தை யார் முடிப்பா தம்பி? உன்னை மாதிரி பத்துப் பசங்க என்னை நம்பி இருக்காங்க. ஆண்டவருக்கு என் மனசு தெரியும்" என்றார். ஆண்டவருக்கு அந்த அக்காவின் கையும் தெரியுமே!

கம்பியைப் பற்றி அவரிடம் மூச்சு விடவில்லை.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரேடியோ அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "நானே கையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்னு சொல்றாங்களாமே? நான் பேசுற பேச்சுக்கு இனிமே நான் எது சொன்னாலும் யாரு நம்புவா?" என்றார். பிறகு திரும்பி, "நீ பார்த்தேல்ல?" என்று கேட்டார். "பார்த்தேன்கா" என்றேன். "சொல்லுவியா?" என்றார். "சொல்லுவேன்" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் சொல்லிவிட்டேன் என்றே தெரிந்தது. யோசித்திருந்தால் மழுப்பியிருப்பேன்.

ஞானஸ்நானம் எடுத்த அன்றைக்கு உடம்பெல்லாம் லேசாக இருந்தது, அதுதான் நிச்சயம் என்று நினைத்தேன். இப்போது அந்த லேசு போன இடம் தெரியவில்லை. பயமாக இருக்கிறது. வேலை போகும், சபையில் ஒருவரும் முகம் கொடுக்க மாட்டார்கள். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பதில் மட்டும் ஒரு துளி குழப்பம் இல்லை. இது என்ன விதமான நிச்சயம் என்று நீதான் சொல்ல வேண்டும்.

ஜூனில் அதிகாரி வருகிறார். கம்பி சலவைக்கூடத்து மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், கிழிந்த விரிப்புகளில் சுற்றி வைத்திருக்கிறது. மழை படாது. அங்கே யாரும் வர மாட்டார்கள். உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

உன் தம்பி


மே 6

அன்பான தம்பிக்கு,

எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

நீண்ட கடிதம் எழுத நேரம் இல்லை. அத்தானுக்குப் புது ஷூ வாங்கினோம், பழையது வாயைப் பிளந்துவிட்டது. வீட்டுச் சொந்தக்காரர் ஒருவழியாகக் கூரையைச் சரிசெய்தார். எதிர் வீட்டுப் பூனை நம் அலமாரிக்குள் குட்டி போட்டிருக்கிறது, அத்தான் அதை விரட்டக் கூடாது என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்.

நீ வீணாக மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. எல்லாம் சமாதானமாக முடியும் என்று ஜெபத்தில் எனக்கு உணர்த்தப்பட்டது. சில காரியங்களை நாம் செய்ய வேண்டியதில்லை, தானாக நடக்கும்.

ஒரு பொட்டலத்தில் இரண்டு பனியன் அனுப்பியிருக்கிறேன்.

உன் அக்கா


ஜூன் 19

அக்காவுக்கு,

பனியன் வந்தது. அளவு சரி.

விசாரணை முடிந்தது. நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன், நீயும் ஒன்றுவிடாமல் பதில் எழுத வேண்டும்.

கூடத்தை ஒட்டிய அலுவலக அறையில் வைத்து நடந்தது. அதிகாரி நடுத்தர வயது அம்மா. குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். ரேடியோ அக்கா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். மூப்பரை முதலில் கூப்பிட்டார்கள். கம்பி எப்போதும் இருந்தது என்று சொல்வார், அதன் பிறகு நான் எழுந்து, மாடிக்கு வாருங்கள் என்று கூட்டிப்போகலாம் என்று காத்திருந்தேன். ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன்.

மூப்பர் எழுந்து நின்று, "கம்பி இல்ல மேடம். அது எனக்கே அப்புறம்தான் தெரிஞ்சது. அவசரத்துக்குப் புதுசு மாட்டினேன். பழசை மெக்கானிக் தம்பிதான் கழற்றி ஒளிச்சு வச்சிருக்கான். சின்ன வயசு, பயந்துட்டான். வாங்க, எங்க இருக்குன்னு காட்டுறேன்" என்றார்.

நேராக மாடிக்குப் போனார். நேராகத் தொட்டிக்கு அடியில் குனிந்தார். அவர் தேடவே இல்லை அக்கா. வீட்டு அலமாரியைத் திறக்கிறவர்போலக் கையை விட்டு எடுத்தார்.

"இதை யார் இங்க வச்சது?" என்று அந்த அம்மா கேட்டார்.

"நான்தான்."

"எதுக்கு?"

"உண்மையைக் காட்டுறதுக்கு."

"காட்டுறவங்க ஒளிச்சு வைப்பாங்களா?"

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மூப்பர்தான் கழற்றினார் என்றேன். "நீங்க அப்ப அங்க இருந்தீங்களா?" என்று அந்த அம்மா கேட்டார். இருந்தேன் என்றேன். "ஸ்பேனர் யாருது?" என்றார். என்னுடையது, நானே எடுத்துக் கொடுத்தேன் என்றேன். அதை யாரும் பார்க்கவில்லை. நான் சொல்லாமல் விட்டிருந்தால் தெரிந்தே இருக்காது. ஆனால் பாதியை மட்டும் சொல்லிவிட்டு உண்மை என்று எப்படிப் பெயர் வைப்பது? மற்ற ஆட்களைக் கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ரேடியோ அக்கா எழுந்து, "இவன் பொய் சொல்ல மாட்டான் மேடம், எனக்குத் தெரியும்" என்றார். "நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா. அந்த அக்கா உட்கார்ந்துவிட்டார்.

ரேடியோ அக்காமேல் தப்பு இல்லை என்று எழுதிவிட்டார்கள். அவருக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கும். அதற்கு ஸ்தோத்திரம். கம்பியைக் கழற்றியது மெக்கானிக் என்று முடிவாயிற்று. அன்றைக்கே என்னை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

படியில் இறங்கும்போது மூப்பர் தோளில் கை போட்டார். "மனசுல வச்சுக்காத தம்பி. உங்க அக்காவையும் குறை சொல்லாத. எங்க இருக்குன்னு சொல்லும்போது போன்லயே அழுதாங்க. நல்ல விசுவாசி" என்றார்.

கையைத் தட்டிவிட்டேன். படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூப்பர் என்னை ஏமாற்றியது வலித்தது, ஆனால் நின்றுகொண்டு தாங்கிக்கொண்டேன். இதைத் தாங்கிக்கொண்டு நிற்க முடியவில்லை.

நீ சொன்னாயா, இல்லையா? ஒரு வார்த்தை போதும்.

தம்பி


ஜூலை 21

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்திருக்கும் என்று தெரியும். பதிவுத் தபாலில் அனுப்பினேன், நீ கையெழுத்துப் போட்ட அட்டை வந்துவிட்டது.

தையல் மெஷின் பழுதுபார்க்கிற கடை ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. முதலாளி அதிகம் பேச மாட்டார், எனக்கு அதுவே சௌகரியம். ரேடியோ அக்காவுக்கு வாய் திரும்பி வந்துவிட்டது. போன வாரம் சலவைக்கூடத்து வாசலில் நின்று மூப்பரின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினாராம். உள்ளே இஸ்திரி போடுகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்களாம். என்னிடம் வந்து, "பேச்சுத்துணைக்கு நான் இருக்கேன். உனக்குத்தான் திட்டவும் வராதே" என்றார்.

சபையில் என்னைப் பற்றிக் கூட்டம் போட்டார்கள். பொய் சாட்சி சொன்னவன் என்று திருவிருந்திலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை போகிறேன். கடைசிப் பெஞ்சில் உட்காருகிறேன். அப்பமும் திராட்சை ரசமும் என்னைத் தாண்டிப் போகும்போது குனிந்துகொள்வதில்லை. மூப்பர் முன்னால் நின்று ஜெபிக்கிறார். எதற்காக இங்கே வருகிறாய் என்று ஒருவர் கேட்டார். "இது அவர் வீடு இல்லையே" என்றேன்.

பதில் எழுது அக்கா. திட்டியாவது எழுது.

தம்பி


ஆகஸ்ட் 23

என் உயிரான தம்பிக்கு,

நீ நல்ல சுகத்தோடு இருக்க இரவும் பகலும் மன்றாடுகிறேன். எனக்குப் பிரஷர் ஏறி ஒரு வாரம் படுத்திருந்தேன். இப்போது பரவாயில்லை.

எத்தனை தடவை எழுதிக் கிழித்தேன் தெரியுமா? ஆம், நான்தான் சொன்னேன். நீ நினைப்பதுபோல இல்லை. உன்னை நான் விற்கவில்லை. அவர் தனியாகப் போய், அந்தக் கம்பியைத் தன் கையால் எடுத்து, தானே அதிகாரியிடம் ஒப்படைத்தால் அவருக்கும் மனசாட்சி திரும்பும், உன் பெயரும் இதில் அடிபடாது என்று நினைத்தேன். போனில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஜெபித்தோம். "சத்தியமா நானே ஒப்புக்கொடுக்கிறேன் சகோதரி" என்று வாக்குக் கொடுத்தார். ஜெபம் பண்ணிச் சொன்ன வார்த்தையை ஒரு மூப்பர் மீறுவார் என்று நான் கனவா கண்டேன்? நம் ஆட்களை நாமே நம்பாவிட்டால் பிறகு யாரைத்தான் நம்புவது? உன் தலையில் கட்டுவார் என்று தெரிந்திருந்தால் நாக்கை அறுத்துக்கொண்டிருப்பேன்.

இன்னொன்றும் இருக்கிறது. வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிவதைவிட நானே சொல்லிவிடுகிறேன். அத்தான் இங்கே வந்த புதுக் கிளையில் ஸ்டோர் பார்க்கிறார், மே முதல் தேதியிலிருந்து. நீ தப்பாக எடுத்துக்கொள்வாயோ என்றுதான் எழுதவில்லை. நான் வாயைத் திறந்து கேட்கவே இல்லை தம்பி. அன்றைக்குப் பேசி முடித்தபோது அவராகவே சொன்னார். சாயங்காலம் அத்தான் களைத்துப்போய் வந்து சட்டையைக் கழற்றும்போது பார்க்கிறேன். அந்த முகத்தைப் பார்த்தால் நீயும் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டாய்.

என்னோடு பேசாமல் இருந்துவிடாதே. நம் இருவருக்கும் வேறு யார் இருக்கிறார்கள்? ஒருவரை ஒருவர் மன்னிப்பவர்கள்தான் விசுவாசிகள். மன்னித்துவிட்டேன் என்று ஒரே ஒரு வரி எழுது. அது போதும், நான் பிழைத்துக்கொள்வேன்.

உன் அக்கா


செப்டம்பர் 8

அக்காவுக்கு,

நான் நலம். உன் பிரஷர் குறைந்தது என்று படித்து நிம்மதியடைந்தேன். அது உபசாரத்துக்கு எழுதியது இல்லை.

நீ வேலையைக் கேட்கவில்லை என்பதை நம்புகிறேன். கேட்க வேண்டிய அவசியமே உனக்கு வரவில்லை. அத்தானுக்கு வேலை கிடைத்ததில் எனக்கு வருத்தமும் இல்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததை எழுதினாயே, அன்றைக்கு நானும் அழுதேன். என்னிடம் நேராகக் கேட்டிருக்கலாம். "தம்பி, அத்தானுக்காக வாயை மூடிக்கொள்" என்று எழுதியிருக்கலாம். முடியாது என்று சொல்லியிருப்பேன். சண்டை போட்டிருப்போம். உடன்பிறந்தவர்கள் சண்டை போடாமல் வேறு யார் போடுவது? நீ துருப்பிடித்துவிடும் என்று கவலைப்பட்டாய். நானும் நம்பி, தொட்டி, விரிப்பு, மொட்டைமாடி என்று வரைபடம் மாதிரி எழுதிக் கொடுத்தேன். அந்தக் கடிதத்தை மறுபடி மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் உடம்பு கூசுகிறது.

எனக்கு நிச்சயம் இருக்கிறதா என்று நீ சின்ன வயசிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாய். இருக்கிறது. எந்த நாள், எந்த நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. அந்த அறையில் நின்று, ஸ்பேனர் என்னுடையது என்று சொன்னபோது ஆண்டவர் பக்கத்தில் இருந்தார் என்று கதை விட மாட்டேன். பயமாக இருந்தது, அவ்வளவுதான். வெளியே வந்து, வேலை போய், நீயும் போய், படியில் உட்கார்ந்திருந்தபோதும் அவர்மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. முன்பெல்லாம் பேருந்து தவறினாலே வரும்.

மன்னித்துவிட்டேன் என்று ஒரு வரி கேட்டிருக்கிறாய். எழுத எவ்வளவு நேரம் ஆகும்? நீ அதைச் சபையில் வாசிப்பாய், எல்லோரும் ஸ்தோத்திரம் சொல்வார்கள், உனக்கும் தூக்கம் வரும். ஆனால் அக்கா, இன்றைக்கு அது பொய். நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டும் என்று தெரியும். தினமும் முழங்கால் போடுகிறேன். "முடியலப்பா" என்று மட்டும்தான் சொல்ல வருகிறது. பொய் சொல்ல மாட்டேன் என்று வேலையையும் பெயரையும் விட்டுவிட்டு, உனக்காக மட்டும் ஒரு பொய்யை எழுதி, அஞ்சல்தலை ஒட்டி அனுப்ப என்னால் முடியாது.

என்றைக்கு முடிகிறதோ அன்றைக்கே எழுதுவேன். எப்போது என்று கேட்காதே, எனக்கே தெரியாது. ஆனால் அந்தக் கடிதம் வரும் அக்கா. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அதுவரை நீ எழுதினால் பிரித்துப் படிப்பேன். பதில் வராது.

தம்பி